நுரை அடங்கும் வரை

அல்மாட்டி,
ஏப்ரல் 20

அன்புத் தம்பி எசிமுக்கு,

உயிர்களும் மந்தையும் சுகமா? மைராவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இந்த வருஷத்துக் குட்டிகள் எல்லாம் பிழைத்தனவா? நான் சுகம். இருமல் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

ஒருவழியாக ஓல்ஜாஸின் பெயர் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறிவிட்டது. எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும், விடு. இனி மாதம் இரண்டு முறை அவன் பெயருக்கு மருந்து தருவார்கள். நான் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, டிரைவர் ஜுமாஷின் வண்டியில் அனுப்புவேன். காலிக் குப்பிகளை அதே பெட்டியில் திருப்பி அனுப்பு. காலிக் குப்பி வராவிட்டால் அடுத்த தவணை கிடையாது. கடிதமும் பெட்டியோடே போகட்டும், வரட்டும். உன் பள்ளத்தாக்கில் போன் எடுப்பதற்குள் நான் கிழவியாகிவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. மருந்தை வாங்கிப் பார்த்தால் மேலே எங்கள் ஆலையின் பெயர்! நான் இத்தனை வருஷமாக மாரடிக்கிற அதே மருந்து. இரத்தம் உறைவதற்கு எல்லார் உடம்பிலும் இருக்கிற ஒரு புரதம் நம் பையன் உடம்பில் இல்லை. அதுதான் அவன் நோய். அந்தப் புரதம் கெடாமல் இருக்க எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது, எவ்வளவு உப்பு, எந்தக் குளிரில் உலர்த்தித் தூளாக்குவது என்று பார்ப்பதுதான் என் பிரிவின் வேலை. இவ்வளவு நாளும் யாருக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

செய்முறை எழுதுகிறேன். மைராவுக்கு வாசித்துக் காட்டு. குப்பிகள் குளிரில் இருக்கட்டும், ஆனால் உறைந்துபோகக் கூடாது. போடும் நாளில், கூடவே இருக்கும் தண்ணீர்க் குப்பியிலிருந்து தண்ணீரை எடுத்துத் தூளில் விட்டு நன்றாகக் கலக்குங்கள். தூள் ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது. பிறகு நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். நர்ஸ் சவுலே மைராவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஓல்ஜாஸுக்குக் குதிரையேற்றம் கிடையாது. அழுதாலும் கிடையாது. அடிபட்டால் மற்றப் பிள்ளைக்கு வீங்கும், அவனுக்கு உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மருமகனின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் அக்கா,
ரைகான்

•

நரின்கோல்,
மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இருமலுக்கு ஆட்டின் வால்கொழுப்பைச் சூடான பாலில் கரைத்துக் குடி. டாக்டர்கள் பேச்சைக் கேட்காதே, நீயும் பாதி டாக்டர் என்பதால் உன் பேச்சையும் கேட்காதே. இங்கே உயிர்கள் சுகம், மந்தை சுகம். இரண்டு குட்டிகளை ஓநாய் கொண்டுபோனதைத் தவிர வேறு குறை இல்லை.

பெட்டி வந்தது. ஜுமாஷ் பெட்டியைச் சீட்டில் வைத்து, தான் ஏற்றிவந்த ஆட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிவந்தாராம். "உள்ள என்னய்யா, தங்கமா? உங்க அக்கா மிரட்டின மிரட்டுல மூச்சு விடக்கூட பயமாயிருந்துச்சு" என்றார்.

முதல் நாள் சவுலே இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மைரா ஊசியை வாங்கி ஒரே குத்தில் பிடித்துவிட்டாள். சவுலே சொன்னாள், "அம்மாவுக்குத்தான் புள்ள நரம்பு தெரியும், இனி என்னைக் கூப்பிடாத தாயி." ஓல்ஜாஸ் அழவில்லை. உன் கடிதத்தை நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், "அத்தை சர்க்கரை போட்டிருக்காங்கல்ல, அப்போ வாயில குடுத்தா என்னவாம்?" என்று கேட்டான். பதில் சொல்லு பார்ப்போம்.

முழங்கால் வீக்கம் வற்றி, பிள்ளை குளிர்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஓடினான், அக்கா. நானும் மைராவும் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் நின்று அவன் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஓடின இடம் எது தெரியுமா? குதிரை லாயம். நீ கடிந்துகொள்வாய் என்று தெரியும். சும்மா தடவிக்கொடுத்துவிட்டு வந்தான்.

மாசக் கடைசியில் மேலே மேய்ச்சலுக்குக் கிளம்புகிறோம்.

தம்பி,
எசிம்

•

அல்மாட்டி,
ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

கூடாரம் போட்டாயிற்றா? மேலே இன்னும் பனி கிடக்கிறதா? உயிர்களும் மந்தையும் சுகமாக ஏறிச் சேர்ந்த செய்தியை எழுது. வால்கொழுப்பைக் குடித்தேன். இருமல் போகவில்லை, பசி போய்விட்டது.

அவன் ஓடினான் என்று எழுதியிருந்தாயே, அதை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் குப்பியைப் பார்க்கிறோம், தூளைப் பார்க்கிறோம், எண்களைப் பார்க்கிறோம். ஒரு பிள்ளை ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. எங்கள் மேலாளர், சிரிப்பே அறியாத மனிதர், "மறுபடி வாசிங்க" என்றார்.

ஓல்ஜாஸிடம் சொல்: வாயில் கொடுத்தால் வயிறு அதைக் கறி என்று நினைத்துத் தின்றுவிடும், அதனால்தான் ஊசி. லாயத்துப் பக்கம் போனால் அத்தை நேரில் வந்து காதைத் திருகுவாள் என்றும் சொல்.

ரைகான்

•

மலை மேய்ச்சல்,
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உயிர்கள் சுகம், மந்தை கொழுத்துக்கொண்டிருக்கிறது. குதிரைப்பால் பொங்குகிறது. வந்து குடித்துவிட்டுப் போனால் உன் இருமல் ஓடியே போய்விடும்.

இங்கே நடக்கும் கூத்தை எழுதுகிறேன், சிரி. கூடாரத்துக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும், வாசலோரம் தொங்கும் தோல்பையில் மத்தைப் பிடித்து நாலு கடை கடைந்துவிட்டுத்தான் உட்காருவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? எத்தனை கை படுகிறதோ அத்தனை நன்றாகப் பால் புளிக்கும். இப்போது ஓல்ஜாஸின் குப்பிக்கும் அதே மரியாதை! நீ நன்றாகக் கலக்கச் சொன்னாய் அல்லவா, போடும் நாள் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்துக் கூடாரத்தார் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். கலம்காஸ் மாமி வந்து, "குடுடி இங்க, என் கை ராசியான கை. நான் கடைஞ்ச பாலு என்னைக்காவது சோடை போயிருக்கா?" என்று மைரா கையிலிருந்து பிடுங்கிக் குலுக்குகிறாள். அவளிடமிருந்து அவள் புருஷன். ஜுமாஷ் வந்தால் அவரும். "என் வண்டியில வந்தப்பவே பாதி கடைஞ்சாச்சு, மீதிக்கு நாலு குலுக்கு" என்கிறார். ஓல்ஜாஸ் நடுவில் நின்றுகொண்டு, "இன்னும் நுரை வரல, இன்னும் நுரை வரல!" என்று குதிக்கிறான். நுரை பொங்கினால்தான் மருந்து தயார் என்பது அவன் கணக்கு. ஊரே சேர்ந்து அவனுக்கு ஊசி போடுகிறது, அக்கா. யாருக்குக் கிடைக்கும் இப்படி?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. இரண்டு தவணை போட்டும் வற்றவில்லை. முன்பு பிடித்ததுபோல் மருந்து இப்போது பிடிக்கவில்லை. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களோ? நீ ஆலையில் கேட்டுப் பார்.

தம்பி,
எசிம்

•

அல்மாட்டி,
ஜூலை 10

எசிம்,

குலுக்காதீர்கள். இனி யாரும், எதற்காகவும், ஒரு தடவைகூடக் குலுக்காதீர்கள்.

மருந்து பழசு இல்லை. அந்தப் புரதம் சின்ன நூல்கண்டு மாதிரி அழகாகச் சுருண்டிருக்கிறது. குலுக்கி நுரை வந்தால் அந்த நுரையில் மாட்டிக் கண்டு அவிழ்ந்து சிக்காகிவிடும். நுரை அடங்கின பிறகு பார்த்தால் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்புக்குள் போய் வேலை செய்யாது. நீங்கள் அவனுக்கு வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கூடாரத்தில் மருந்தே இல்லை என்று நினைத்துக்கொள், அப்படி நினைத்து அவனைப் பார்த்துக்கொள்.

தண்ணீரைக் குப்பியின் ஓரமாக, சுவரோடு வழியவிட வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். கரையவில்லையா, காத்திருங்கள். தானாகக் கரையும். மைராவைத் தவிர யாரும் தொட வேண்டாம். கலம்காஸ் மாமியிடம் நான் காலில் விழுந்து கேட்டுக்கொண்டதாகச் சொல்.

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பங்கு வாங்கி அனுப்புகிறேன். பெட்டி வந்ததும் ஒன்றைப் போடுங்கள். அதுவரை அவனைக் கூடாரத்தை விட்டு வெளியே விடாதே. விழுந்தால், எங்காவது இடித்துக்கொண்டால், எதற்கும் காத்திராமல் வண்டியில் ஏற்று.

கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

ரைகான்

•

நரின்கோல்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? இருமல் போயிற்றா? இங்கே மந்தை சுகம்.

மழையில் ஆற்றுப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் ஜுமாஷ் மேலே வர முடியவில்லை. உன் கடிதமும் பெட்டியும் பாலம் கட்டிய பிறகுதான் கைக்கு வந்தன. கடிதத்தை மைராவுக்கு வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன்.

இப்போது யாரும் குலுக்குவதில்லை. நீ சொன்னபடியே அவள் உள்ளங்கையில் உருட்டுகிறாள். ஓல்ஜாஸுக்கு வலி இல்லை.

இந்த வருஷம் முன்னதாகவே கீழே இறங்கிவிட்டோம். மருந்தை வழக்கம்போல் அனுப்பு. அவன் பெயரை எடுத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்.

எசிம்

•

அல்மாட்டி,
செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம்தானே? என்னடா இது, ஒரு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு முழம் நீளம்கூட இல்லாத கடிதம்? கோபமா? நான் சத்தம்போட்டு எழுதியது பயத்தில். "வலி இல்லை" என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது, தெரியுமா?

அவனுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கி அனுப்பியிருக்கிறேன். முன்னால் குதிரைப் படம் போட்டது. படத்துக் குதிரை கடிக்காது, தள்ளாது, அதற்கு அனுமதி உண்டு. எழுத்துப் படிக்க ஆரம்பித்திருப்பானே, அவன் கையால் ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்பு. கோணல்மாணலாக இருந்தாலும் சரி.

ஜுமாஷுக்கு என்ன ஆயிற்று? பெட்டியைக் கொடுக்க வந்தவரிடம், "பையன் எப்படி இருக்கான் அண்ணே?" என்று கேட்டேன். "முன்டயர் ரெண்டும் போச்சும்மா, வாங்கணும்" என்றார். மறுபடி கேட்டேன். "ரோடு ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். வயசாகிறது போலிருக்கிறது.

அக்டோபரில் எனக்கு விடுப்பு உண்டு. அங்கே வரலாம் என்று பார்க்கிறேன்.

ரைகான்

•

நரின்கோல்,
அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். மந்தையைக் குளிர்காலத்துக்கு எண்ணி அடைத்துவிட்டோம். மந்தை சுகம்.

இப்போது வர வேண்டாம். ரோடு மோசம், ஜுமாஷ் சொன்னது சரிதான். வீட்டுக்கு மண் பூசிக்கொண்டிருக்கிறேன், படுக்கக்கூட இடம் இல்லை. நானே நல்ல சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

பையை மைரா சுவரில் மாட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் அனுப்பவில்லை.

உனக்கு ஒரு செய்தி. மைரா முழுகாமல் இருக்கிறாள். பனிக்காலம் முடிவதற்குள் பிறக்கும். பொழுது சாயும் நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "குளம்புச் சத்தம் கேக்குது, சின்னக் குதிரை, போய்க் கதவைத் திற" என்கிறாள். திறந்தால் யாரும் இல்லை. முதலில் அவள் மனசு என்று நினைத்தேன். நேற்று லாயத்தில் நான் தனியாக இருந்தபோது, நம் கிழட்டுப் பெட்டைக்குதிரை தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி வாசல் பக்கமே பார்த்தது. கழுத்தை நீட்டி, யாரோ தடவிக்கொடுப்பது போல அப்படியே நின்றது. நான் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. காலிக் குப்பிகள் பெட்டியில் இருக்கின்றன.

எசிம்

•

அல்மாட்டி,
டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மைரா நன்றாகச் சாப்பிடுகிறாளா? இந்த மாதம் நல்ல குளிர். இருமல் எனக்கு நிரந்தர விருந்தாளி ஆகிவிட்டது, விடு.

ஒரு விஷயம். காலிக் குப்பியை யார் பார்ப்பார்கள்? நானும் பார்த்ததில்லை, மருத்துவமனையில் அப்படியே கொடுத்துவிடுவேன். போன வாரம் பெட்டி கை தவறிக் கவிழ்ந்ததில் குப்பிகளைப் பொறுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் பார்த்தேன். உள்ளே நுரை காய்ந்த வட்டம் இல்லை, ஓரத்தில் ஒட்டின தூள் இல்லை. கண்ணாடி அவ்வளவு சுத்தம். எங்கள் ஆய்வறையில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் கலப்பதில்லை. மைராவிடம் சொல்.

கோடையிலிருந்து ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஒரு குப்பிகூட நீ அதிகம் கேட்கவில்லை. வெளியே விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை, பல்கூட ஆடவில்லை போலிருக்கிறது. நல்லதுதான்.

ஆய்வறையில் குப்பிகளை வைத்துக் குலுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பயணத்தில் மருந்து தாங்குமா என்று பார்க்க. முன்பெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கிறது. இரண்டு தடவை எல்லாரும் சாப்பிடப் போன சமயத்தில் நான் அதை நிறுத்திவிட்டேன். மேலாளர் கேட்டதற்கு மின்சாரம் போயிற்று என்று சொன்னேன்.

அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. அவன் கையால் எழுதின ஒரு வரி. தபால் நிலையத்துக்கு அவனை அழைத்துவந்து போனில் ஒரு வார்த்தை பேசவைத்தால்கூடப் போதும், எசிம்.

ரைகான்

•

நரின்கோல்,
பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? தபால் நிலையத்துப் போன் பனியில் அறுந்து கிடக்கிறது. எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னித்துவிடு.

நமக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. துர்சின் என்று பெயர் வைத்திருக்கிறோம். கட்டியான பிள்ளை, முடி நிறைய.

சவுலே சோதனைக்காகக் குதிகாலில் குத்தினாள். அந்தச் சின்னக் குத்தில் ஈரம் காயவே இல்லை. துணி மாற்றி மாற்றிக் கட்டுகிறோம். இரத்தம் எடுத்து ஜுமாஷிடம் அனுப்பியிருக்கிறேன், நீ பார்த்துச் சொல்லு. கணவாய் அடைத்துவிட்டது. ஜுமாஷ் வண்டியை அந்தப்பக்கம் நிறுத்திவிட்டுச் சறுக்குவண்டியில் வந்து போகிறார். பச்சைக்குழந்தையை அந்தக் குளிரில் கொண்டுபோக முடியாது.

வீட்டில் மருந்து இருக்கிறது. ஆனால் மைரா போடவிடமாட்டேன் என்கிறாள். சவுலே பெட்டிப் பக்கம் போனாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்கிறாள். "இந்தக் கை கலக்கினது எதுவும் என் புள்ள உடம்புல ஏறக்கூடாது. வேற யாரும் என் வீட்டுல அதைத் தொடவும் கூடாது" என்கிறாள். பால் கொடுக்கிற நேரம் தவிரப் பிள்ளையைத் தொடுவதற்கே பயப்படுகிறாள். அவளுக்கு ஊசி என்றால் இப்போது பயம், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. மாத்திரையாக, சொட்டாக, எதாவது கிடைக்குமா அக்கா? நீ இத்தனை படித்திருக்கிறாய். எதாவது வழி சொல்லு.

எசிம்

•

அல்மாட்டி,
பிப்ரவரி 25

மைரா,

இந்தக் கடிதம் உனக்கு. எசிம் வாசித்துக் காட்ட வேண்டாம், நீயே வாசி.

சாவுச் செய்தியைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று எனக்கும் தெரியும். எங்கள் அப்பா இறந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். மூன்று பெரியவர்கள் அவ்வளவு தூரம் வந்து, உட்கார்ந்து, தேநீர் குடித்து, வேட்டைப்பருந்து ஒன்று கையைவிட்டுப் பறந்துபோனதைப் பற்றிப் பேசி, கடைசியில்தான் சொன்னார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வந்து சொல்லும்வரை, சேதிக்கு உரியவள் தானாகக் கேட்கவும் கூடாது. அதனால்தான் நான் கேட்கவில்லை, எசிம் எழுதவில்லை, ஜுமாஷ் என் வீட்டுத் தேநீரைக் குடிக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுக்காத வீட்டில் துர்சின் என்று யாரும் பெயர் வைப்பதில்லை, மைரா. இவனாவது நிற்கட்டும் என்று வைக்கிற பெயர் அது.

ஓல்ஜாஸ் இறந்துவிட்டான். நான் எழுதிவிட்டேன். ஊர் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பனி கரைந்து பெரியவர்கள் கிளம்பி வந்து மரியாதையாகச் சொல்லும்வரை காத்திருந்தால் சின்னவன் தாங்கமாட்டான்.

நீ குலுக்கினதால் அவன் செத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் கடிதத்தை நீ இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாயே, எதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். இப்போது நான் சொல்வதையும் இரண்டு தடவை வாசி. மருந்துப் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கிறது. குலுக்கக் கூடாது என்று அதில் ருஷ்ய மொழியில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் எழுதியது நம் மொழியில், பெரிய எழுத்தில். நன்றாகக் கலக்குங்கள் என்று எழுதினேன். மலையில் பிறந்து குதிரைப்பால் குடித்து வளர்ந்தவள் நான், நம் ஜனங்களிடம் நன்றாகக் கலக்கு என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? நீங்கள் சீட்டை நம்பவில்லை, என்னை நம்பினீர்கள். முதல் மாதங்களின் காலிக் குப்பிகள் என் கை வழியாகத்தான் போயின. உள்ளே நுரை வட்டம் இருந்திருக்கும். நான் ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. உன் கை ஒன்றும் செய்யவில்லை, மைரா. சொன்னதைச் செய்தது.

துர்சினின் இரத்தத்தைச் சோதித்தோம். அதே நோய்தான். வேறு மருந்து கிடையாது. மாத்திரை கிடையாது, சொட்டு கிடையாது. இதே குப்பிதான். 'உன் அண்ணனைப் போல உனக்கு முழுக் குப்பி வேண்டாமடா' என்று சின்னவனிடம் பேசிக்கொண்டே கலந்து கொடு. சவுலேக்கு அளவைத் தனியாக எழுதியிருக்கிறேன். நரம்பை அவள் பிடிக்கட்டும். கலப்பது நீதான். கோடைக்குப் பிறகு நீ கலந்த குப்பிகளை நான் பார்த்தேன். யாருக்காகக் கலந்தாய், எங்கே கொண்டுபோய் ஊற்றினாய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவ்வளவு நன்றாகக் கலக்கிற கை இருக்கும்போது சின்னவன் ஏன் சாக வேண்டும்?

இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் கலந்துவிடு. நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஓல்ஜாஸுக்காக அழுதுகொள்கிறேன். இவ்வளவு நாளும் அழக்கூட எனக்கு உரிமை இல்லாமல் இருந்தது.

ரைகான்

•

நரின்கோல்,
மார்ச் 18

அண்ணி அவர்களுக்கு மைரா எழுதுவது.

நீங்கள் சுகமா? உங்கள் இருமல் தேவலையா? இங்கே இருக்கிற உயிர்கள் சுகம். மந்தை சுகம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்தபோது அவர் லாயத்தில் இருந்தார். இரண்டு தடவை வாசித்தேன். பிறகு வாய்விட்டு அழுதேன். அவன் போனதிலிருந்து நான் ஒப்பாரி வைத்ததே இல்லை. கலம்காஸ் மாமி சத்தம் கேட்டு ஓடிவந்து, "யாருடி சொன்னது? யாருடி எழுதினது?" என்று உங்களைத் திட்டிவிட்டு, அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பெரியவர்களுக்கு உங்கள் மேல் வருத்தம்தான். காகிதத்தில் சாவை எழுதினவள் என்று சொல்கிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை.

அழுது முடித்ததும் கலந்தேன். உள்ளங்கையில் உருட்டக்கூட மனசு வரவில்லை. அதனால் குப்பியைத் தரையில் வைத்து, தானாகக் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சவுலே ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் துணி காய்ந்துவிட்டது. இப்போது துர்சின் தொடையில் இருந்த வீக்கமும் வற்றிவிட்டது. பசித்தால் ஊரைக் கூட்டுகிறான்.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நாங்கள் பால் கறந்துகொண்டிருந்தபோது பெரியவன் தானாகவே குதிரையில் ஏறியிருக்கிறான். விழுந்தான். தலையில் காயமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் எழுந்து வந்தான். பயந்து உடனே மருந்தைக் கலந்தேன். யாரும் இல்லை, நான் மட்டும். சீக்கிரம் ஆக வேண்டுமே என்று என் பலத்தையெல்லாம் சேர்த்துக் குலுக்கினேன். "அம்மா, இன்னைக்குத்தான் நெறைய நுரை" என்றான். பாலம் இல்லாததால் அவர் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். அக்கரை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் பெட்டி அப்போது அக்கரையில் ஜுமாஷ் வண்டியில்தான் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அவர் ஊரையே கட்டிப்போட்டிருந்தார். நீங்கள் உங்கள் தப்பை எழுதினீர்கள். நான் என்னுடையதை எழுதினேன். இனி இரண்டு பேரும் இதைப் பேச வேண்டாம்.

வசந்தப் பண்டிகைக்கு வாருங்கள். கணவாய் திறந்துவிட்டது. அவர்தான் எழுதச் சொன்னார். நீங்கள் வருகிற வழியில் பெரியவர்கள் மூன்று பேர் காத்திருப்பார்கள், பருந்து பறந்துபோனதைப் பற்றிச் சொல்வார்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாதது போலக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்காக இல்லை, அவனுக்காக. அவனுக்கு அந்த மரியாதை பாக்கி இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். தவணை நாளில் மருந்தைக் கலந்து அவன் தலைமாட்டு மண்ணில் ஊற்றிவிட்டு வருவேன். அவருக்குத் தெரியும், தடுக்கவில்லை. மருந்து எல்லாம் இனி சின்னவனுக்கு வேண்டும், ஒரு சொட்டுகூட வீணாக்கமாட்டேன். ஆனால் பெரியவன் தவணை நாளில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பானே. அதனால் காலிக் குப்பியில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். மேடுபள்ளமான பாதை, அண்ணி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதுகூட அலுங்காமல்தான் கொண்டுபோகிறேன்.

மைரா